மலையில் தண்ணீர்: மேற்குத் தொடர்ச்சி மலையில் நடப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலையில் தண்ணீரே கிடைக்காமல் தவித்தவர்கள் குறைவு. கிடைத்த தண்ணீரைச் சரியாகக் கையாளாமல் ஊருக்கு வந்து ஒரு வாரம் படுத்தவர்கள்தான் அதிகம். புதிதாக வருகிறவர்களோடு தேனி, கொடைக்கானல், நீலகிரி, நெல்லைப் பக்கத்து மலைகளில் நடந்தபோது இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர்களிடம் ஃபில்டர் இருந்தது, தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரையும் இருந்தது. வரிசைதான் மாறிப்போனது. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை காட்டுப் பாதையில் நடப்பவர்களுக்காக எழுதுகிறேன். வனத்துறை அனுமதியும், வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரும் உங்களோடு இருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த இரண்டும் இல்லாமல் போகாதீர்கள்.

1. வீட்டிலேயே கணக்குப் போடுங்கள்

மிதமான வெயிலில், பையோடு ஏறுகிற ஒருவருக்கு மணிக்கு சுமார் அரை லிட்டர் தேவை. வெயில் ஏறினால், அல்லது ஏற்றம் செங்குத்தாக இருந்தால், முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை போகும். ஆறு மணி நேர நடைக்கு மூன்று லிட்டர் என்பது குறைந்தபட்சம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. முழுவதையும் சுமக்க முடியாதபோதுதான் வழியில் எங்கே நிரப்புவது என்ற கேள்வி வருகிறது.

அடுத்து மாதத்தைப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கேரளச் சரிவில் கொட்டும். நம் பக்கத்துக் கிழக்குச் சரிவு பெரும்பாலும் மழைமறைவு. நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்கு மழைதான் ஓடைகளை நிரப்புகிறது. ஜனவரியில் முழங்கால் அளவு ஓடுகிற ஓடை பிப்ரவரிக் கடைசியில் கல்லுக்கு அடியில் கசியும். மார்ச், ஏப்ரலில் வெறும் பாறை. அதே மாதங்கள் காட்டுத்தீக் காலம் என்பதால் வனத்துறை பல பாதைகளை மூடிவிடும். திறந்திருக்கும் பாதையிலும் ஜனவரியில் எடுத்த வீடியோவை நம்பி மார்ச்சில் போகாதீர்கள். படம் எடுத்த மாதம் தெரியவில்லை என்றால் அந்தப் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

பிறகு வரைபடம். இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களில் நீர் நிற்கும் ஓடைகள் நீலத்திலும், வறண்டுபோகிறவை கறுப்பிலும் இருக்கும். பழுப்பு நிற உயரக்கோடுகள் மேட்டை நோக்கிக் கூர்ந்து வளைகிற இடம் பள்ளத்தாக்கு. தண்ணீர் அங்கேதான் வழியும். செயற்கைக்கோள் படத்தில் பழைய தேதிகளைத் திருப்பிப் பார்க்கும் வசதி இருந்தால் மார்ச், ஏப்ரல் மாதப் படத்தை எடுங்கள். மலை முழுதும் காய்ந்து கிடக்கும்போதும் பச்சையாகத் தெரியும் கோட்டில்தான் வற்றாத ஓடை இருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "அண்ணே, மேல ஊத்துல தண்ணி இருக்குமா?" என்று கேட்டால் "இருக்கும் தம்பி" என்றுதான் பதில் வரும். வந்தவரை ஏமாற்ற மனமில்லாமல் சொல்கிற பதில் அது. இப்படிக் கேளுங்கள்: "கடைசியா நீங்க எப்பண்ணே அங்க போனீங்க? அப்ப ஓடிக்கிட்டு இருந்துச்சா, தேங்கிக் கிடந்துச்சா?" "பொங்கலுக்கு முன்னாடி போனது" என்று அவர் சொன்னால், நீங்கள் மாசிக் கடைசியில் நிற்கிறீர்கள் என்றால், அந்த ஊற்றைக் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள்.

ஒருமுறை மார்ச் முதல் வாரத்தில் ஆறு பேரோடு ஏறினேன். இரண்டாவது மணி நேரத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பியிருந்த ஓடையில் தண்ணீருக்குப் பதில் வெள்ளை மணலும் பட்டாம்பூச்சிகளும்தான் இருந்தன. எல்லோரிடமும் சேர்த்து நாலு லிட்டர் மிச்சம். அங்கேயே திரும்பினோம். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: வழியில் இரண்டு இடத்தில் தண்ணீர் உண்டு என்று கேள்விப்பட்டால், முதல் இடம் வறண்டிருக்கும் என்றே கணக்குப் போட்டுச் சுமப்பேன்.

2. பையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொருவருக்கும் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. இவை சுத்தமான தண்ணீருக்கு மட்டும். இவை தவிர, குழுவுக்கு ஒன்றோ இரண்டோ அழுக்குப் பாத்திரம்: மடிக்கக்கூடிய தண்ணீர்ப் பையாக இருக்கலாம், வேறு நிறப் பாட்டிலாகவும் இருக்கலாம். அதன் கழுத்தில் சிவப்பு டேப் சுற்றுங்கள். இருட்டிலும் களைப்பிலும் தடவிப் பார்த்தே தெரிய வேண்டும். இந்த டேப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பட்டியலில் மிக முக்கியமான பொருள் இதுதான் என்பேன்.

அப்புறம் 0.1 மைக்ரான் ஃபில்டர், அதைப் பின்னோக்கி அலசும் சிரிஞ்சு, குளோரின் மாத்திரை, பழைய பருத்தி வேட்டித் துண்டு, ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர், ஓஆர்எஸ் பாக்கெட் நாலு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. வீட்டிலிருந்தே கெட்டியான பாட்டில்களை எடுத்துப் போங்கள்.

ஃபில்டரை வாங்கிய நாளிலேயே வீட்டுக் குழாய்த் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். புது ஃபில்டர் நனைந்து சீராக ஓட நேரமாகும். பழைய ஃபில்டர் உள்ளே காய்ந்து அடைத்திருக்கும். இரண்டையும் மலையில் கண்டுபிடிப்பது வேதனை.

3. நடப்பதற்கு முன்பே குடியுங்கள்

அடிவாரத்தில் அரை லிட்டர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். ராத்திரி பஸ்ஸில் வந்தவர்கள் வழியில் இறங்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். காலையில் பாதி வறண்ட உடம்போடு ஏறத் தொடங்குவார்கள். பதினோரு மணிக்குத் தலைவலி வரும். அது வெயிலால் வந்தது என்று நினைப்பார்கள். முந்தின நாள் மாலையிலேயே தொடங்கிய தலைவலி அது.

4. தண்ணீர் இருக்கும் இடத்தை அறிவது

நீங்கள் குறித்து வைத்த இடம் வறண்டிருந்தால் மட்டும் தேடுங்கள். தேடுவதற்கென்று பாதையை விட்டு விலகுவது ஆபத்து. கண் தெரியும் தூரத்துக்குள், இரண்டு பேராக, வழிகாட்டியிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

புல்வெளி மலைகளில் இரண்டு மேடுகள் சேரும் மடிப்பில் அடர்ந்த சோலைக்காடு இருக்கும். பெய்த மழையைப் புல்லும் சோலையின் மண்ணும் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மெல்லக் கசியவிடுகின்றன. அதனால் சோலையின் கீழ் முனையில்தான் ஓடை பிறக்கும். உச்சியில் தேட வேண்டாம். மடிப்பின் அடியில் பாருங்கள்.

மரங்கள் நல்ல சாட்சி. கீழ்க்காடுகளில் வெளிர்பட்டையோடு ஓங்கி நிற்கும் நீர்மருதும், வரிசையாக நிற்கும் நாவலும் ஆற்றங்கரை மரங்கள். ஈரமான பள்ளங்களில் காட்டுவாழை நிற்கும். மேலே ஏற ஏற, மரம்போல் உயர்ந்த பெரணி ஓடையோரத்தில்தான் வளரும். இவை இருந்தால் இப்போது தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. நிலத்தடியில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

வறண்ட மணல் ஓடையில் வெளிவளைவைப் பாருங்கள். வெள்ளம் அரித்து ஆழமாக்கிய பக்கம் அது, ஈரம் அங்கேதான் கடைசி வரை தங்கும். மணல் கறுத்திருந்தால் முழங்கை ஆழம் தோண்டிக் காத்திருங்கள். முதலில் ஊறும் கலங்கல் தண்ணீரை இரண்டு மூன்று முறை இறைத்துக் கொட்டிய பிறகு வருவதை எடுங்கள். யானைகளும் இப்படித்தான் காலால் தோண்டிக் குடிக்கின்றன. யானை தோண்டிய குழி புதிதாக, ஈர விளிம்போடு இருந்தால் அந்த இடத்தை விட்டு உடனே விலகுங்கள். அது பக்கத்தில்தான் நிற்கும்.

மழை வந்தால் அதுவே நல்ல ஊற்று. தார்ப்பாயின் ஒரு மூலையைத் தாழ்த்திக் கட்டி, முதல் சில நிமிடத் தண்ணீரைத் தூசி கழுவ விட்டுவிட்டு, பிறகு பிடியுங்கள்.

கொடியை வெட்டிக் குடிப்பது, வெயிலில் பிளாஸ்டிக் தாளை விரித்து நீராவி பிடிப்பது போன்ற வீடியோ வித்தைகளில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அவற்றில் கிடைக்கும் தண்ணீரைவிட நீங்கள் சிந்தும் வியர்வை அதிகம். காப்புக்காட்டில் செடிகொடியை வெட்டுவது சட்டப்படி குற்றமும்கூட.

5. எந்தத் தண்ணீரை எடுப்பது

தண்ணீரைப் பார்த்ததும் பாட்டிலைத் திறக்காதீர்கள். முதலில் மேலே நடங்கள். முடிந்தவரை நூறு மீட்டராவது ஓடையோரமாக மேலேறிப் பாருங்கள்.

கண்ணாடி போல் ஓடிய ஓர் ஓடையில் ஒரு தம்பி கைநிறைய அள்ளிக் குடித்துவிட்டார். கூழாங்கல்லின் நரம்பு வரை தெரிந்த தண்ணீர். பாறை வளைவைத் தாண்டி ஏறியபோது மேலே மலைமாட்டுப் பட்டி இருந்தது. ஓடையின் இரு கரையிலும் சாணம், தண்ணீருக்குள்ளேயே நிற்கும் கன்றுகள். தெளிவாக இருப்பது மண் கலக்கவில்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி. கிருமி கண்ணுக்குத் தெரியாது.

நான் தேர்ந்தெடுக்கும் வரிசை இது. பாறையிலிருந்தோ மண்ணிலிருந்தோ நேரே கசியும் ஊற்றுக்கண் முதலில். அடுத்து, மேலே வீடும் தோட்டமும் பட்டியும் இல்லாத, சோலையிலிருந்து இறங்கும் ஓட்டம். பிறகு பெரிய ஓடை. தேங்கிய மடு கடைசி. வெயில் காய்ந்த பாறைக்குழித் தண்ணீரை, வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும். யாத்திரைப் பாதைகளில், கூட்டம் ஏறும் நாட்களில், பாதைக்குக் கீழே ஓடும் எந்தத் தண்ணீரையும் மனிதக் கழிவு கலந்ததாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே வரும் ஓடை தனி விஷயம். கொழுக்குமலை, மேகமலை, வால்பாறை என்று நம் மலைகளில் பாதை தோட்டத்தை ஒட்டிப் போகும் இடங்கள் நிறைய. பூச்சிமருந்தையும் உரத்தையும் 0.1 மைக்ரான் ஃபில்டர் பிடிக்காது, குளோரின் அழிக்காது. கொதிக்கவைத்தால் தண்ணீர் ஆவியாகி மருந்து மிஞ்சும். இதற்கு ஒரே வழி, தோட்டத்துக்கு மேலிருந்து எடுப்பது, அல்லது தோட்டக் குடியிருப்பில் கேட்டு அவர்கள் குடிக்கும் தண்ணீரை வாங்கிக்கொள்வது. லயத்து வீடுகளில் தண்ணீர் கேட்டு இல்லை என்று சொன்னவர்களை நான் பார்த்ததில்லை.

எண்ணெய்ப் படலம், நுரை, நீலப்பச்சைப் பாசிப் படலம், செத்த மீன் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் சுத்தம் செய்து பார்க்கலாம் என்று நினைக்காமல் நகர்ந்துவிடுங்கள்.

6. தண்ணீர் எடுக்கும்போது

நேரம் முக்கியம். விடியலிலும் சாயங்காலத்திலும் ஓடை விலங்குகளுடையது. யானை, காட்டெருமை, கரடி எல்லாம் அந்த நேரத்தில்தான் இறங்கும். மாலை நான்கு மணிக்குள் மறுநாள் காலை வரைக்கும் தேவையானதை எடுத்து முடித்துவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள். சரிவில் இறங்குமுன் நின்று, கேட்டு, முகர்ந்து பாருங்கள். புது யானை லத்தி, ஒடித்த கிளை, கலங்கிய தண்ணீர் தெரிந்தால் பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள்.

வாயை நேரே தண்ணீரில் வைத்துக் குடிக்காதீர்கள். மெல்லிய நீரட்டை மூக்கிலோ தொண்டையிலோ ஏறிக்கொண்டால் நாட்கணக்கில் மூக்கில் ரத்தம் வரும். காலில் காயம் இருந்தால் பிளாஸ்டர் ஒட்டாமல் சேற்றுத் தண்ணீரில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி குடிக்காமலேயே காயத்தின் வழியாக உள்ளே போகும்.

பாறையில் படலமாக வழியும் தண்ணீரைப் பாட்டில் வாயில் பிடிக்க முடியாது. கீழே விழுந்து கிடக்கும் நீளமான இலை ஒன்றை எடுத்து, காம்பைக் கசிவுக்கு நேராகப் பாறையில் ஒட்டி ஒரு கல்லால் அழுத்துங்கள். தண்ணீர் இலை நரம்போடு ஓடி வந்து நுனியில் ஒரே தாரையாகச் சொட்டும். அதன் கீழே அழுக்குப் பாத்திரத்தை வையுங்கள். பதினைந்து நிமிடத்தில் ஒரு லிட்டர் நிறைவதைப் பார்த்திருக்கிறேன்.

ஓடையில் இறங்கி நிற்கும்போது தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலே லாரி ஓடுவது போன்ற இரைச்சல் கேட்டாலோ, பாட்டிலைப் போட்டுவிட்டுக் கரையேறுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம். மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழை காட்டாற்று வெள்ளமாக வர அது தடையில்லை.

7. முதலில் தெளியவையுங்கள்

கலங்கல் தண்ணீரை நேரே ஃபில்டரில் விட்டால் அடைத்துக்கொள்ளும். மாத்திரை போட்டால் குளோரின் முழுவதும் மண்ணோடும் மக்கோடும் மல்லுக்கட்டித் தீர்ந்துவிடும், கிருமிக்கு மிஞ்சாது. அதனால் தெளியவைப்பது தனிப்படி.

அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேல் தண்ணீரை மட்டும் சாய்த்து, நாலு மடிப்பு வேட்டித் துணியில் வடியுங்கள். வங்கதேசத்தின் மத்லப் பகுதிக் கிராமங்களில் பழைய சேலையை மடித்து வடித்தபோது காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி குறையவில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். தேத்தாங்கொட்டையைப் பாத்திரத்தின் உட்புறம் உரைத்தால் மண் கீழே படியும்; நம் கிராமங்களில் பழைய வழக்கம், நன்றாகவே வேலை செய்யும். துணி, தேத்தாங்கொட்டை, படிகாரம் எல்லாமே தெளிய வைப்பவை மட்டும். குடிக்கத் தகுந்ததாக ஆக்குவது அடுத்த படி.

8. கிருமியை அழிப்பது

கொதிக்கவைப்பது எல்லாக் கிருமிக்கும் பொது மருந்து. தண்ணீர் நன்றாகக் குமிழிட்டுப் பொங்கத் தொடங்கியதும் ஒரு நிமிடம் போதும். 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் வையுங்கள். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். ஊட்டி உயரத்தில் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், அதற்காகத்தான் இந்தக் கூடுதல் நேரம். இருபது நிமிடம் கொதிக்கவைத்து கேஸைத் தீர்ப்பவர்களைப் பார்க்கிறேன், தேவையே இல்லை. ஆனால் காட்டுக்குள் தீ மூட்டக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுப்புக்கு அனுமதி உள்ள முகாமிலோ அடிவார வீட்டிலோ மட்டும் கொதிக்கவையுங்கள். பாதையில் ஃபில்டரும் மாத்திரையும்தான்.

0.1 மைக்ரான் ஃபில்டர் பாக்டீரியாவையும், அதைவிடப் பெரிய ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற, பேதி வரவைக்கும் ஒட்டுண்ணிகளையும் பிடித்துவிடும். மஞ்சள் காமாலை ஏ போன்ற வைரஸ்கள் அதன் துளையை விடச் சிறியவை, நுழைந்துவிடும். குளோரின் மாத்திரை நேர்மாறு: வைரஸையும் பாக்டீரியாவையும் கொல்லும், ஜியார்டியாவுக்கு நேரம் எடுக்கும், கிரிப்டோவிடம் தோற்றுவிடும். அதனால் மனிதர்கள் நடமாடும் மலைகளில் நான் இரண்டையும் செய்கிறேன். முதலில் ஃபில்டர், பிறகு மாத்திரை. வரிசையை மாற்றினாலும் பாதகமில்லை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் ஃபில்டரில் வடிந்த தண்ணீரில் குளோரினைத் தின்ன அழுக்கு இல்லை, மருந்து முழுதும் கிருமியின் மேல் வேலை செய்யும்.

மாத்திரையில் நடக்கும் தவறுகள் மூன்று.

முதலாவது அளவு. கடையில் ஒரு லிட்டருக்கானது, ஐந்து லிட்டருக்கானது, இருபது லிட்டருக்கானது எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைப் பொட்டுகளாக இருக்கும். அட்டையை வெட்டிச் சிறிதாக்கி எடுத்துவந்து, எது எத்தனை லிட்டருக்கு என்று தெரியாமல் விழிப்பார்கள். அட்டையோடு கொண்டு வாருங்கள், அல்லது பாட்டில் மேலேயே எழுதுங்கள்.

இரண்டாவது நேரம். சாதாரணமாக அரை மணி நேரம். ஓடைத் தண்ணீர் பல் கூசும் அளவு குளிர்ந்திருந்தால் ஒரு மணி நேரம் விடுங்கள், குளிரில் குளோரின் மெதுவாகத்தான் வேலை செய்யும். நேரம் முடிந்து மூடியைத் திறந்தால் லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வாடையே இல்லை என்றால் மருந்து போதவில்லை. இன்னொரு முறை போட்டு மறுபடி அரை மணி நேரம்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. வாடை பிடிக்கவில்லை என்று மாத்திரையோடு சேர்த்தே எலுமிச்சைப் பொடியையோ வைட்டமின் சி கலந்த பானப் பொடியையோ கொட்டிவிடுவார்கள். வைட்டமின் சி குளோரினைச் செயலிழக்கச் செய்துவிடும். வாடை போனது உண்மை, மருந்தும் போய்விட்டது. பொடி, எலுமிச்சை, நன்னாரி எதுவானாலும் காத்திருக்கும் நேரம் முடிந்த பிறகுதான்.

அயோடின் மாத்திரை கிடைத்தால் கர்ப்பிணிகளும் தைராய்டு உள்ளவர்களும் தவிர்த்துவிடுங்கள். யுவி (புற ஊதா) விளக்குக் கருவி தெளிந்த தண்ணீரில் மட்டுமே பயன்படும், மண் துகளின் நிழலில் கிருமி தப்பிவிடும். பேட்டரியும் தீரும். ஒரே இடத்தில் நாள் முழுதும் தங்குகிறீர்கள், கையில் எதுவுமே இல்லை என்றால், நிறமில்லாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்கவையுங்கள். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள்.

நீலகிரியின் மேட்டில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். ஒருமுறை நனைந்த ஃபில்டரின் உள்ளிருக்கும் மெல்லிய குழல்கள் உறைந்தால் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல ஓடும், ஆனால் வடிகட்டாது. ராத்திரி அதை ஒரு கவரில் சுற்றி உறங்கும் பைக்குள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். உறைந்துவிட்டதோ என்ற சந்தேகம் வந்தால் அந்த ஃபில்டரை விட்டுவிடுங்கள்.

9. மூடியின் மரை

இதைத் தனிப்படியாக எழுதக் காரணம் உண்டு. எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள்.

ஓடையில் முக்கி எடுத்த பாட்டிலிலேயே மாத்திரையைப் போட்டு மூடினால், மூடியின் மரைக்குள் ஒரு வளையம் ஓடைத் தண்ணீர் அப்படியே நிற்கும். மருந்து அங்கே போகாது. அரை மணி கழித்து நீங்கள் உதடு வைக்கும் முதல் இடம் அதுதான். மாத்திரை கரைந்ததும் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, மூடியைக் கால் திருப்பு தளர்த்தி, மருந்து கலந்த தண்ணீரை மரை வழியாகக் கொஞ்சம் கசியவிட்டு, மறுபடி இறுக்குங்கள். பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும்.

ஃபில்டரிலும் இதே கதை. அழுக்குப் பையைப் பிழியும்போது அதன் வெளிப்புறத்தில் வழியும் தண்ணீர் ஃபில்டரின் முனையில் இறங்கிச் சுத்தமான பாட்டிலுக்குள் சொட்டும். பையைத் துணியால் துடைத்துவிட்டுப் பிழியுங்கள். ஒருவர் அழுக்கை மட்டும் தொடட்டும், இன்னொருவர் சுத்தத்தை மட்டும். டம்ளரைச் சுத்தமான தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். சோப்பு இருந்தால் சாப்பிடும் முன் கை கழுவுவது ஃபில்டர் அளவுக்கு முக்கியம். பல் துலக்குவதும், மாங்காயைக் கழுவுவதும் சுத்தம் செய்த தண்ணீரில்தான்.

10. எப்படிக் குடிப்பது

பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து வாய். தாகம் எடுத்தால் அதற்கு முன்பே. தண்ணீர் கிடைக்கும் இடத்தில் பாட்டிலை மட்டும் நிரப்பாமல் வயிற்றையும் நிரப்பிக்கொள்ளுங்கள். உட்கார்ந்து, மெதுவாக, அரை லிட்டருக்கு மேல் குடித்துவிட்டு, பிறகு பாட்டில்களை நிரப்பிக் கிளம்புங்கள்.

வெறும் தண்ணீரையே மணிக்கு ஒன்றரை லிட்டர் என்று தள்ளுவதும் ஆபத்து. வியர்வையில் போன உப்பு திரும்ப வராமல் ரத்தத்தில் சோடியம் குறைந்து, வாந்தியும் குழப்பமும் வரும். பார்ப்பதற்கு நீர்வறட்சி போலவே இருப்பதால் இன்னும் குடிக்கச் சொல்வார்கள், நிலைமை மோசமாகும். உப்புக்கடலை, புளிசாதம், ஊறுகாய் என்று கூடவே தின்னுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட் ஒரு லிட்டருக்கானது என்றால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் சரி. டீ டிகாஷன் நிறத்தில் போனால் நின்று குடியுங்கள்.

11. தண்ணீர் தீர்ந்துபோனால்

கையில் இருந்ததில் பாதி தீர்ந்தபோது அடுத்த தண்ணீர் உறுதியாகத் தெரியவில்லை என்றால் திரும்புங்கள். இதைக் கிளம்பும் முன்பே குழுவில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும், உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்படியும் தீர்ந்துவிட்டால், உச்சி வெயிலில் நடக்காதீர்கள். நிழலில் உட்கார்ந்து, வெயில் தாழ்ந்ததும், இருட்டும் முன், வந்த பாதையிலேயே இறங்குங்கள். ஓடைத் தடத்தைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்ற எண்ணம் நம் மலைகளில் உயிருக்கு ஆபத்து. அந்தத் தடம் பெரும்பாலும் வழுக்குப் பாறையிலும் அருவி விளிம்பிலும் கொண்டுபோய் நிறுத்தும். மிச்சமிருக்கும் ஒரு வாய்த் தண்ணீரை நாளைக்கென்று சேமிக்காதீர்கள், தாகம் எடுக்கும்போது குடித்துவிடுங்கள்.

எதுவுமே சுத்தம் செய்ய வழியில்லாமல், ஒருவர் தள்ளாடும் நிலையில், ஓடைத் தண்ணீர் மட்டும் இருந்தால்? குடிக்கக் கொடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவம் பார்க்க நேரம் இருக்கும். வெயிலில் மயங்கியவருக்கு அந்த நேரம் இருக்காது. பேச்சு குழறினால், உடம்பு கொதித்தால், நிழலில் படுக்கவைத்து ஈரத்துணியால் உடம்பு முழுதும் நனைத்து விசிறுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உடனே உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

12. ஓடையைக் கெடுக்காமல் இருப்பது

மலம் கழிக்க ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர், அதாவது எண்பது தப்படி தள்ளிப் போய், ஒரு சாண் ஆழம் குழி தோண்டி மூடுங்கள். குளிக்க, பாத்திரம் கழுவத் தண்ணீரை மொண்டு தள்ளிக் கொண்டுபோங்கள். சீயக்காய் என்றாலும், இயற்கை சோப்பு என்றாலும் ஓடைக்குள் வேண்டாம். கூடாரத்தையும் அதே தூரத்தில் போடுங்கள். நீங்கள் தண்ணீர்க் கரையில் தங்கினால் விலங்குகள் அன்றிரவு குடிக்காமல் சுற்றும், அல்லது உங்களைத் தாண்டி வரும்.

கீழே அந்த ஓடையைத்தான் ஒரு கிராமமே குடத்தில் மொள்கிறது.

13. வீடு திரும்பிய பிறகு

மலைத் தண்ணீரால் வரும் நோய் மலையிலேயே வராது. ஜியார்டியா ஒன்று இரண்டு வாரம் கழித்து வரும். டைஃபாய்டும் எலிக்காய்ச்சலும் பெரும்பாலும் ஒரு வாரம் இரண்டு வாரத்தில். மஞ்சள் காமாலை ஏ ஒரு மாதம் கழித்துக்கூட வரும். அதற்குள் ட்ரெக்கிங் போனதே மறந்திருக்கும். காய்ச்சல், நிற்காத பேதி, கண்ணில் மஞ்சள், கெண்டைக்கால் சதையில் கடுமையான வலி என்று எது வந்தாலும் டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: "இத்தனாம் தேதி மலைக்குப் போனேன், ஓடைத் தண்ணீர் குடித்தேன்." அவர் எந்தப் பரிசோதனை எழுதுவார் என்பதை அது மாற்றிவிடும்.

அன்று ராத்திரியே ஃபில்டரைச் சிரிஞ்சால் பின்னோக்கி அலசி, சொட்டு ப்ளீச் கலந்த தண்ணீரை ஒருமுறை ஓட்டி, நிழலில் முழுதாகக் காயவையுங்கள். பாட்டில் மூடிகளைக் கழற்றி மரையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, திறந்தே வையுங்கள். சிவப்பு டேப் கிழிந்திருந்தால் புதிதாகச் சுற்றிவிட்டுத்தான் பையைப் பரணில் ஏற்ற வேண்டும்.